பஞ்சு அடைத்த புட்டி

ஆறுமுகநேரியிலிருந்து தூத்துக்குடி போகும் பேருந்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார் ஒரு கல்லூரி ஆசிரியை. வெயிலில் கறுத்த முகம், செருப்பெல்லாம் உப்பு. மடியில் ஒரு கண்ணாடிப் புட்டி. அதில் உப்பளப் பாத்தியின் இளஞ்சிவப்புத் தண்ணீர். வாயை அடைத்திருந்தது வெறும் பஞ்சு. வண்டி குலுங்கும்போதெல்லாம் கைக்குழந்தையின் தலையைத் தாங்குவதுபோல் புட்டியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு பள்ளத்தில் பஞ்சு நழுவித் தண்ணீர் சிந்தியது. உதவி செய்வதாக நினைத்து, என் குடிதண்ணீரை அதில் ஊற்றப் போனேன். அவர் பதறிப்போய் உள்ளங்கையால் புட்டியை மூடினார்.

"ஐயோ, வேண்டாம் அண்ணாச்சி! உள்ள கண்ணுக்குத் தெரியாத உயிர் இருக்கு, கடும் உப்புலதான் வாழும். நல்ல தண்ணி பட்டா உடைஞ்சு செத்துரும்."

"என்னம்மா அது, பாக்டீரியாவா?"

"ரொம்ப காலமா அந்தக் கூட்டத்துலதான் சேத்து வச்சிருந்தாங்க. நல்லா ஆராஞ்சு பாத்த பெறவுதான் வேற குடும்பம்னு தெரிஞ்சுது. ஆர்க்கியான்னு பேரு. பாக்டீரியாவ விட நமக்குத்தான் கிட்டத்துச் சொந்தம்."

தூத்துக்குடியில் இறங்கும்போது தூறல். அவர் குடையை விரித்துப் புட்டிக்குப் பிடித்தபடி, தான் நனைந்துகொண்டே நடந்துபோனார்.

இப்போதெல்லாம் மழை வந்தால் உப்பளம் இருக்கும் திசையை ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன், சொந்தக்காரர்கள் என்ன ஆனார்களோ என்று.