மெயின் இறக்கிய வீட்டில் பச்சை விளக்கு

பேய், பிசாசு, அற்புதம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். திருவண்ணாமலையில் ரேடியோ, டேப்ரெக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். மீட்டர் காட்டினால்தான் எனக்கு எதுவும் உண்மை. நீங்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. பைக் விபத்தில் என் தம்பி கோபிக்கு வலது கை விரல்கள் மடங்காமல் போய்விட்டன. டாக்டர் சொன்ன பயிற்சி எதையும் செய்யமாட்டான், சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வான். ஆசிரமம் பக்கம் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போன ரிமோட் பொம்மைக் கார்தான் அவனை எழுப்பி உட்காரவைத்தது. ரிமோட்டை அழுத்த அழுத்தக் கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தது, எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டே வாரம், காரின் பேட்டரி பேக்கில் சார்ஜ் ஏறவில்லை. கோபி மறுபடியும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

சார்ஜரைச் சோதித்தேன், வோல்ட் சரியாக வந்தது. பின்னைச் சுரண்டினேன், வயரை மாற்றினேன். பேக்கில் மீட்டரை வைத்தால் பூஜ்யம். உள்ளே ஆறு செல், ஏதோ ஒன்று போயிருக்கும் என்று புது செல்லுக்குச் சென்னைக்குச் சொல்லியனுப்பினேன்.

"அதுவரைக்கும் சார்ஜர்லயே இருக்கட்டும்ணா," என்றான் கோபி. அவன் மனசுக்காக விட்டுவிட்டேன்.

அன்று கார்த்திகை தீபம். மலையில் தீபம் தெரியும்வரை எங்கள் வீட்டில் விளக்கு எரியக்கூடாது, அதனால் மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு மாடிக்குப் போனோம். கோபி மட்டும் வரவில்லை. தீபம் தெரிந்தது, அரோகரா போட்டோம், வீடெல்லாம் அகல் வைத்தோம், அந்த வெளிச்சத்தில் மெயினை ஏற்ற மறந்தே போனேன். மாடியில் பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தபோது கீழே கார் ஓடுகிற சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அகல்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது கார், கோபியின் கட்டைவிரல் நன்றாக மடங்கி அழுத்துகிறது!

"சார்ஜர்ல பச்சை லைட் எரிஞ்சுதுண்ணா, எடுத்து மாட்டினேன்."

"இன்னும் மெயினே போடலியேடா!"

மறுநாள் பேக்கைப் பிரித்தேன். மூன்றாவது செல்லையும் நான்காவதையும் இணைக்கிற தகடு துருப்பிடித்து அறுந்து, நடுவே நகம் நுழைகிற இடைவெளி. அதில் கரண்ட் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை.

கோபி இப்போது என் கடையில் அதே கையால் சால்டரிங் பிடிக்கிறான். "குடுண்ணா, ரெண்டு நிமிஷத்துல ஒட்டித் தரேன்," என்று அந்த பேக்கைக் கேட்பான். தரமாட்டேன். மேஜை டிராயரில் அப்படியே வைத்திருக்கிறேன். மீட்டரில் இன்றைக்கும் பூஜ்யம்தான். ஆனால் எப்போது கையில் எடுத்தாலும், அப்போதுதான் சார்ஜரிலிருந்து கழற்றியது போல இளஞ்சூடாக இருக்கிறது.