பென்சிலில் எழுதியது செல்லாது

எங்கள் வீட்டுக் கணினியின் பேரில் நான் மூன்று முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அலுவலகத்துக்குக் கணினிகள் வாங்கியபோது, மேசையில் இடம் மிச்சமாகும் வகையில் பெட்டி ஒல்லியாக இருக்க வேண்டும் என்று விவரக்குறிப்பு எழுதியவன் நான். எட்டு ஆண்டுகள் கழித்து, அதே கணினிகள் இனி எந்த வேலைக்கும் லாயக்கற்றவை என்று சான்று எழுதியவனும் நான். பணியில் இருப்பவர் கழிவுப் பொருள் ஏலத்தில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. ஏலக் கோப்பு மேலே போய்க் கீழே வருவதற்குள் எனக்கு வயது நிரம்பி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஆகவே எந்த விதியும் மீறப்படாமல், அந்தக் கணினிகளில் ஒன்றை ஏலத்தில் எடுத்து, 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று மூன்றாவது கையெழுத்தைப் போட்டேன். லாயக்கற்றதும் நல்ல நிலையில் இருப்பதும் ஒரே பொருள்தான் என்பதை யாரும் கேட்கவில்லை. இரண்டும் வேறு வேறு கோப்பு.

அது ஆறு ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. குறை வந்தது என் மனைவி வீடியோ செய்யக் கற்றுக்கொண்ட பிறகு.

அவள் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஆத்தூரில் இருக்கும் அவளுடைய அக்காவுக்குத் திருமணம் ஆகி ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. கோயிலில் நன்றிப் பூசை, பிறகு பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. சாப்பாட்டுக்கு முன், ஐம்பது வருடத்துப் புகைப்படங்களை வீடியோவாகக் கோத்துப் பெரிய திரையில் காட்டுவது என் மனைவியின் ஏற்பாடு.

"போன்லயே காட்டலாமே" என்று நான் சொன்னேன்.

"அக்காவுக்கு இடது கண்ணு போயிருச்சுங்க. வலது கண்ணு சக்கரையில மங்கிக்கிட்டே வருது. போன்ல காமிச்சா எதையோ பாக்குற மாதிரி பாத்துட்டு 'நல்லாருக்கு'ங்குது. அடுத்த வருசம் பாக்குமா பாக்காதான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்குறாரு. பெருசா, தெளிவா, ஒரு தடவ பாத்துரட்டும்."

நான் ஒப்புக்கொண்டேன். கணினி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு படம் மறைந்து அடுத்த படம் வருகிற இடம் வந்தால் அப்படியே உறைந்துவிடும். சகலையின் முகத்தில் பாதியும் அவர் முதன்முதலில் வாங்கிய ஸ்கூட்டரில் பாதியும் சேர்ந்து திரையில் கால் மணி நேரம் நிற்கும். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

விசாரித்ததில், படத்தைத் திரைக்குக் கொண்டுவரும் வேலையை மட்டும் பார்க்கத் தனியாக ஓர் அட்டை உண்டு, கிராபிக்ஸ் கார்டு என்பார்கள், விலை குறைந்ததாக ஒன்று போட்டாலே போதும் என்று தெரிந்தது. விழாவுக்கு இருபத்தாறு நாள் இருந்தது.

"நாளைக்குக் கடைக்குப் போயி ஒண்ணு வாங்கிட்டு வந்துருங்க" என்றாள்.

முப்பத்து மூன்று வருடம் கொள்முதல் பிரிவில் இருந்தவனிடம் சொல்லக் கூடாத வாக்கியம் அது. கடைக்குப் போய் வாங்கி வருவதற்கு ஆள் எதற்கு? நான் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். எத்தனை ஜிபி, எந்த வகை நினைவகம், எவ்வளவு மின்சாரம் எடுக்கும், விசிறி எத்தனை, உத்தரவாதம் எத்தனை வருடம் என்று பதினோரு இனங்கள் கொண்ட விவரக்குறிப்பு தயாரானது. பழைய கணினியின் மின்சாரப் பெட்டி அதிகம் தாங்காது என்பதால், தனி மின்கம்பி கேட்காத கார்டாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தேன். அந்த வரியைப் பற்றி எனக்கு இன்றும் பெருமை உண்டு. பிறகு மூன்று கடைகளிடம், மூடிய உறையில், ஏழு நாளுக்குள் விலைப்புள்ளி கோரினேன்.

முதல் கடை திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேல் மாடியில். கடைக்காரர் என் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல கார்டு எங்க சார் இருக்கு? பூரா நிபந்தனையா இருக்கு."

"ரெண்டாம் பக்கத்துல இருக்கு."

"எந்த ஆபீசு சார்?"

"ஆபீசு இல்ல. வீடு."

"எத்தன கார்டு?"

"ஒண்ணு."

அவர் கீழே டீக்கடைப் பக்கம் எட்டிப் பார்த்து, "ரெண்டு டீ அனுப்புப்பா. சாருக்குச் சீனி கம்மியா" என்றார். என்னிடம் திரும்பி, "ஸ்கூலுக்கு அம்பது சிஸ்டம் வாங்குனவங்ககூட வாட்சப்புலதான் சார் கேட்டாங்க" என்றார். அவர் குரலில் மரியாதையும் பரிதாபமும் கலந்திருந்தன. மரியாதையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

இரண்டாவது கடை சாலை ரோட்டில். அந்த மனிதர் வாட்சப்பில்தான் அனுப்புவேன் என்று பிடிவாதம் பிடித்தார். வாட்சப் உறைக்குள் போகாது என்று நான் விளக்கினேன். கடைசியில் வாட்சப்பில் எனக்கு அனுப்பியதையே அச்சடித்து, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்தார். உறை மேல் 'வாட்சப்' என்று எழுதியிருந்தார்.

மூன்றாவது நாகல் நகரில். ஒரு பெண் தனியாக நடத்தும் சின்னக் கடை. கொண்டையில் பென்சிலைச் செருகியிருந்தார். தாளை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவர்தான்.

"எல்லாம் கரெக்டா எழுதியிருக்கீங்க. உங்க சிபியு ஒல்லியா, குண்டா சார்?"

"அது விவரக்குறிப்புல இல்லயேம்மா."

"அதான் கேக்குறேன்."

"விலைப்புள்ளி கேட்டதுக்கு அப்புறம் வாய்மொழியா எதுவும் கேக்கக் கூடாது, சொல்லக் கூடாது. ஒரு கடைக்குச் சொன்னா மூணு கடைக்கும் சொல்லணும். எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க."

"செத்த நேரம் இருங்க, எழுதிருவோம்" என்று விலையை அச்சடித்து எடுத்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார். நான் கண்ணாடி அலமாரிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். ஒப்பந்ததாரர் எழுதும்போது பார்க்கக் கூடாது.

ஏழு நாள் கழித்து வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் சாப்பாட்டு மேசையில் உறைகள் பிரிக்கப்பட்டன. குழுவில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். மனைவியை அடுப்படியிலிருந்து அழைத்தேன்.

"சீக்கிரம் பிரிங்க, சாம்பார் பொங்குது."

"மணி இன்னும் மூணு ஆகல. ரெண்டு நிமிசம் இருக்கு."

"ஆசுபத்திரியில ஊசி போடுறதுக்கு முன்னாடி மூணு ஊசிக்குக் கொட்டேசன் கேட்டிருந்தா, திண்டுக்கல்ல பாதிப் பேரு இருக்க மாட்டாங்க" என்றாள். ஆனாலும் ஒவ்வொரு தாளிலும் 'உறுப்பினர்' என்று நான் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

நாகல் நகர் கடையின் விலை மற்ற இரண்டையும்விடக் குறைவு. பதினோரு இனங்களும் பொருந்தின. தாளை நான் கோப்பில் வைக்கப் போனபோது அவள் சொன்னாள்:

"அடியில பென்சில்ல என்னமோ எழுதியிருக்குங்க."

"பென்சில்ல எழுதுனது செல்லாது."

"செல்லாட்டிப் போகட்டும். என்னன்னு படிச்சா என்ன?"

"படிக்கவே கூடாது. படிச்சா மனசு ஒரு பக்கம் சாஞ்சிரும்."

இது என் சொந்தக் கற்பனை அல்ல. பணியில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. பென்சில் குறிப்பை யாரும் எப்போதும் அழித்துவிட்டு வேறொன்று எழுதலாம். அதனால் ஒப்பந்தத் தாளில் அதைக் கண்டால் கண்டதாகக் கொள்ளக் கூடாது. என் பணிக்காலம் முழுக்க எத்தனையோ பென்சில் குறிப்புகளைக் காணாமல் இருந்திருக்கிறேன். மேசை இழுப்பறையிலிருந்து ரப்பரை எடுத்து அந்த இரண்டு வரிகளையும் சுத்தமாக அழித்தேன். தூளைக்கூட ஊதிவிட்டேன்.

ஒப்புநோக்குப் பட்டியல், குழுவின் பரிந்துரை, கொள்முதல் ஆணை என்று மேலும் ஒரு வாரம் போனது. ஆணையை நானே தயாரித்து, நானே ஒப்புதல் அளித்து, நானே தபாலில் அனுப்பினேன். நாகல் நகர் எங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் நான்கு நிறுத்தம். தபால் நான்கு நாளில் போய்ச் சேர்ந்தது.

"லெட்டர் வந்துச்சு சார்" என்று அந்தப் பெண் போனில் சொன்னார். சிரிப்பை அடக்கியது கேட்டது. "கார்டு ரெடியா இருக்கு. சிபியுவையும் தூக்கிட்டு வந்தீங்கன்னா இங்கயே மாட்டிக் குடுத்துருவேன்."

பொருளை ஆய்வு செய்ய வேண்டியது பெறும் இடத்தில், குழுவின் முன்னிலையில். ஆகவே நான் தனியாகப் போய், பெட்டி உடையாமல் இருப்பதைப் பார்த்து, 'விவரக்குறிப்பின்படி சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். விழாவுக்கு ஆறு நாள்.

வீட்டில் கணினியைப் படுக்க வைத்து மூடியைக் கழற்றினேன். கார்டைச் செருகும் இடம் சரியாக இருந்தது. கார்டும் சரியாக இருந்தது. ஆனால் அதன் ஓரத்துத் தகடு பெட்டியின் உயரத்தைவிட இரண்டு விரல்கடை நீளம். தகடு உள்ளே இறங்காததால் கார்டும் இறங்கவில்லை. சாய்த்துப் பார்த்தேன். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன். ஒல்லியான பெட்டி ஒல்லியாகவே இருந்தது. மேசையில் இடம் மிச்சமாகும் வகையில்.

மனைவி கோப்பை எடுத்தாள். மூன்றாவது தாளை உருவி, போன் விளக்கைப் போட்டு, தாளின் பக்கவாட்டில் பிடித்தாள். பென்சில் போயிருந்தாலும் அழுத்தி எழுதிய தடம் இருந்தது. ஒவ்வொரு சொல்லாக, மருந்துச் சீட்டு படிக்கிற குரலில் படித்தாள்:

"'ஒல்லி சிபியுவா இருந்தா இது சேராது. சின்னக் கார்டு தனியா இருக்கு, முன்கூட்டியே சொல்லவும்.'"

தாளைக் கோப்பில் திருப்பி வைத்தாள்.

"நானும் உறுப்பினர்தான்" என்றாள். "திட்டுறதா இருந்தா என்னையும் சேத்துத் திட்டிக்கங்க."

எங்கள் வீட்டில் திட்ட உரிமையுள்ளவள் அவள் ஒருத்திதான். அவள் கடைக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தாள்.

"மாத்திக் குடுத்துருவேங்க்கா, அது பிரச்சனை இல்ல. ஆனா சின்னக் கார்டு மெட்ராசுல இருந்து வரணும். பத்து நாளாகும்."

"ஆறு நாள்தான்மா இருக்கு. எங்கக்காவுக்குக் கண்ணு…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. கழற்றிப் போட்ட மூடியின் மேல் கை இருந்தது. தகரத்தில் விரல் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அப்போதுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. இருபத்தாறு நாளில் இருபதை நான் செலவழித்திருந்தேன். ஒரு ஆவணத்திலும் பிழை இல்லை.

கடைக்காரப் பெண் யோசித்தார். "அக்கா, ஒண்ணு பண்ணுங்க. அந்தத் தகட்டுல ரெண்டு திருகாணி இருக்கும். கழட்டிருங்க. கார்டு மட்டும் உள்ள இறங்கிரும், மேல நீட்டிக்கிட்டு நிக்கும். மூடி போட முடியாது. ஆட்டாம, அசைக்காம திறந்தபடியே ஓட்டுங்க. பல்லி மட்டும் விழுகாம பாத்துக்கங்க."

"திறந்த நிலையில் மின்சாதனத்தை இயக்குவது பாதுகாப்பு விதிக்கு…" என்று நான் தொடங்கினேன்.

"ஏங்க, அந்த ஸ்குரூ டிரைவர எடுங்க."

எடுத்துக் கொடுத்தேன். நாற்பது வருடம் நரம்பு தேடிய கை, ஒரே முறையில் கார்டை இறக்கியது. கணினி உயிர் பெற்றது. சகலையின் முகம் ஸ்கூட்டரில் சிக்காமல் கரைந்து, ஸ்கூட்டர் முழுதாக வந்தது. அவள் அதை மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய், சாப்பாட்டின் மேல் ஈ மொய்க்காமல் மூடுகிற வலைக்குடையைக் கொண்டுவந்து கணினியின் மேல் கவிழ்த்தாள். பல்லிப் பிரச்சனை தீர்ந்தது. அன்றிலிருந்து ஐந்து நாள் ரசமும் வெஞ்சனமும் தட்டு போட்டு மூடப்பட்டன. கணினி மட்டும் கல்யாண வீட்டுப் பலகாரம் போல வலைக்குள் இருந்தது.

விழா அன்று கணினியை அசைக்காமல், முடித்த வீடியோவைப் பென்டிரைவில் மட்டும் எடுத்துக்கொண்டு போனோம். மண்டபத்தில் ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்து இருட்டாக்கினார்கள். அக்காவை முதல் வரிசையில், திரைக்கு ஐந்தடி தூரத்தில் உட்கார வைத்தார்கள். சகலை பக்கத்தில். படங்கள் வரத் தொடங்கின. என் மனைவி திரையைப் பார்க்கவே இல்லை. சுவரோரம் நின்று அக்காவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அக்கா வழக்கம்போல, "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்றார். என் மனைவியின் தோள் இறங்கியது. அந்த 'நல்லாருக்கு' எங்களுக்குத் தெரிந்ததுதான்.

ஏழோ எட்டோ படம் போயிருக்கும். அக்காவும் சகலையும் நடுவில் நிற்க, புது மாப்பிள்ளையாக நான் ஓரத்தில் நிற்கிற படம் வந்தது.

அக்கா முன்னால் சாய்ந்தார். "ஏ, இந்தா… இது நம்ம சின்ன மாப்பிள்ளயில்ல?" என்று சகலையின் தொடையில் தட்டினார். "ஆத்தாடி, தலையில அம்புட்டு முடியா இருந்துச்சு! சட்டைப் பையில பாருங்க, அப்பவே மூணு பேனா!"

மண்டபமே சிரித்தது. அவ்வளவு பெரிய திரையிலும் அந்தப் பேனாக்கள் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குள்தான் இருந்தன. நான் எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான்.

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள். நான் பின்னால் போகவில்லை. சில நேரங்களில் குழு கூட வேண்டியதில்லை.

அந்தக் கார்டு இன்றும் அப்படியேதான் நீட்டிக்கொண்டு நிற்கிறது. சின்னக் கார்டு வந்துவிட்டது, மாற்றித் தருகிறேன் என்று கடைக்காரப் பெண் இரண்டு முறை அழைத்தார். "ஓடுறத எதுக்குத் தொடணும்?" என்று மனைவி சொல்லிவிட்டாள்.

ஆனால் சாப்பாட்டுக்கு வேறு வலை வேண்டும் என்றாள். "இதுக்கும் மூணு கடையா?" என்று கேட்டாள்.

நான் அடுப்படியில் இருக்கும் பெரிய தட்டின் அகலத்தையும், சோற்றுப் பானையின் உயரத்தையும் டேப்பால் அளந்தேன். பிறகு இழுப்பறையைத் திறந்து, பேனாவை விட்டுவிட்டுப் பென்சிலை எடுத்து அளவுகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு, தெருமுனைக் கடைக்குப் போனேன்.