பிரேக்கை அமுக்கிக்கொண்டிருந்த மல்லிகா அக்கா

போன சனிக்கிழமை புனே பக்கம் போசரியில் ஒரு கராஜில் நின்றுகொண்டிருந்தேன். காரின் முன்சக்கரத்தில் பேரிங் போய்விட்டது. நாற்பதைத் தாண்டினால் வயிற்றுவலிக்காரர் மாதிரி முனகியது. மெக்கானிக் சக்கரத்தின் நடுமூடியை நெம்பி எடுத்தார். உள்ளே அச்சு நட்டு, பெரியது, துருப்பிடித்தது. அதைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே, டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து பிரேக்கை அழுத்திக்கொண்டேன். அது எனக்குப் பழக்கம்.

"சாப், ஆப் பாஹர் பைட்டியே. பிரேக் கீ ஜரூரத் நஹி," என்றார் அவர். பிரேக் தேவையில்லையாம், வெளியே போய் உட்காரச் சொல்கிறார். இறங்கினேன். ஓர் உளியை நட்டின் விளிம்பில் வைத்து இரண்டு தட்டு தட்டினார். பிறகு துப்பாக்கி மாதிரி ஒரு பேட்டரி மெஷினை எடுத்து நட்டில் பொருத்தினார். டர்ர்ர் என்றது. மூன்று வினாடி இருக்கும். நட்டு அவர் உள்ளங்கையில் கிடந்தது.

எனக்கு அந்த மெஷின் கூட உறைக்கவில்லை. அந்த இரண்டு தட்டுதான் உறைத்தது. கூடவே துருவும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை. இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்கியில், அதே வாசனையில் நான் ஒரு அயோக்கியத்தனம் செய்தேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொன்னால் என்ன வந்துவிடப் போகிறது!

அப்போது கட்கியில் ஏழுமலை அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். அவர் ஃபேக்டரியில் ஃபிட்டர். அப்பா காலத்திலேயே வட ஆற்காட்டிலிருந்து வந்துவிட்ட குடும்பம். அவர்கள் பேசும் தமிழில் பாதி இந்தி, கால் மராத்தி, மீதியைத் தமிழ் என்று நம்ப வேண்டும். நான் கோயம்புத்தூர்க்காரன். 'சரிங்க', 'இல்லீங்க' என்று வாக்கியத்துக்கு இரண்டு மரியாதை போடுவேன். அண்ணனின் மனைவி மல்லிகா அக்கா அதைக் கேட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

வீட்டு முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கார் நின்றது. அக்காவின் தம்பி துபாய்க்குப் போகும்போது அக்காவுக்கென்று விட்டுவிட்டுப் போனது. அந்த வீட்டில் லைசென்ஸ் வைத்திருந்த ஒரே ஆள் நான். ஏழுமலை அண்ணன் மூன்று முறை டெஸ்ட்டுக்குப் போய், மூன்று முறையும் ரிவர்ஸில் கம்பத்தைச் சாய்த்துவிட்டு வந்தவர். 'கண்ணாடி பவர் மாறிப்போச்சு' என்று தெருவில் சொல்லிவைத்திருந்தார். தெரு நம்பவில்லை, ஆனால் மரியாதைக்குத் தலையாட்டியது.

ஆகவே ஞாயிறுதோறும் நான்தான் ஓட்டுவேன். கேம்ப் மார்க்கெட்டில் காய்கறி, துணி, அங்கே இங்கே என்று சுற்றிவிட்டு வந்தால் அக்கா கையால் மட்டன் குழம்பு. வாரம் ஆறு நாள் போசரி கம்பெனியில் ஒரே ஒரு பிராக்கெட்டின் படத்தைத் திருத்தித் திருத்தி வரைந்து திட்டு வாங்குகிறவன், ஞாயிற்றுக்கிழமை ஸ்டியரிங் பிடித்தால் ராஜா. 'டிரைவர் தம்பி வந்தாச்சா?' என்று அக்கா கூப்பிடும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருக்கும்.

அந்த அக்கா ஒருநாள், நாற்பத்தெட்டு வயதில், தான் கார் ஓட்டப் போவதாக அறிவித்தார். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து முடித்தும்விட்டார். டெஸ்ட் திங்கட்கிழமை, சொந்தக் காரிலேயே. கற்றுக்கொள்கிறவர்களுக்குத் தரும் எல்.எல். அந்த வாரத்தோடு காலாவதி. தவறினால் மறுபடி முதலிலிருந்து.

"எதுக்குங்க அக்கா இந்த வயசுல? நான்தான் இருக்கறனே," என்றேன், பெருந்தன்மையாக.

"தம்பி, என் தங்கச்சி புள்ள பெத்தப்ப நான் போய்ச் சேர்றதுக்குள்ள புள்ளைக்குப் பேரே வெச்சிட்டாங்க. எல்லாத்துக்கும் யாரையாச்சும் கேக்கணும். அவரு ஷிஃப்ட் பாக்கணும், உன் லீவு பாக்கணும். நான் நெனச்ச டைமுக்கு நானே கெளம்பிப் போவணும். அவ்ளோதான்."

சிரித்து வைத்தேன்.

பிரச்சினை என்னவென்றால், சனிக்கிழமை முன்சக்கரம் முனகத் தொடங்கியது. பேரிங். "இந்தச் சக்கரத்தோட போனா டெஸ்ட் எடுக்கறவரு மடியிலயே கழண்டு வுழும்," என்றார் அண்ணன். பேரிங்கை மாற்ற அச்சு நட்டைக் கழற்ற வேண்டும். கழற்றி, சக்கரத்தைத் தாங்கும் இரும்பை எடுத்துக்கொண்டு போனால், பக்கத்துத் தெருவில் பிரஸ் மெஷின் வைத்திருப்பவர் புதிய பேரிங்கை அழுத்திப் போட்டுத் தருவார். ஞாயிறு ஐந்து மணி வரை கடை உண்டு. காரையே ஒரு கராஜில் விடலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ஃபிட்டர் வீட்டு வண்டி கராஜ் வாசலை மிதிப்பதா? கட்கியில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

காலை இட்லி முடிந்ததும் ஆரம்பித்தோம். நட்டைத் திருப்பினால் சக்கரமும் சேர்ந்து திரும்பிவிடும், அதனால் ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்த வேண்டும். அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"காலை எடுக்காத. எடுத்தா சுத்தும்," என்றார் அண்ணன்.

"எடுக்கமாட்டேன். நீ வேலையைப் பாரு."

இனி கருவிகள். முதலில் பெரிய ரிங் பானா. எங்கள் ஊரில் ஸ்பேனர், புனேயில் பானா. அது வழுக்கியது. அடுத்து சாக்கெட்டும் டி ஹேண்டிலும். ஹேண்டில் லேசாக வளைந்தது, நட்டு அசையவில்லை. மூன்றாவது, பைப் ரிஞ்ச். நட்டின் மூலைகளை மழுக்குவதற்கென்றே கண்டுபிடித்த மாதிரி ஒரு சாமான். அச்சு நட்டில் அதை வைக்கக் கூடாது என்பது டிப்ளமா முதல் வருடத்துப் பையனுக்குக்கூடத் தெரியும். நான் என்ஜினியர். அதை வைக்கலாம் என்று யோசனை சொன்னதே நான்தான்.

விஷயம் இதுதான். அந்த மாதிரி நட்டுக்கு ஒரு மெல்லிய விளிம்பு உண்டு. முடுக்கிய பிறகு அந்த விளிம்பை உளியால் அடித்து அச்சில் இருக்கும் பள்ளத்துக்குள் மடக்கிவிடுவார்கள், தானாகக் கழலாமல் இருக்க. கழற்றும்போது முதலில் அந்த மடிப்பை நிமிர்த்த வேண்டும். ஒரு வருடம் முன்னால் அதை மடக்கியவர் ஏழுமலை அண்ணன். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். ஒன்றுக்கு இரண்டு அடியாக, ஆழமாக மடக்கினார். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்.

இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. பேசியிருந்தால் அது சதி. பேசாதவரைக்கும் அது முயற்சி. தான் மூன்று முறை கோட்டைவிட்டதை மனைவி முதல் முறையிலேயே வாங்கிவிடுவாளோ என்று அவருக்கு. என் ஞாயிற்றுக்கிழமையும் குழம்பும் போய்விடுமோ என்று எனக்கு. உளி டூல் பெட்டியின் மேல் தட்டிலேயே கிடந்தது. ஆளுக்கு நாலு தடவை அதை நகர்த்திவிட்டு வேறு எதையாவது எடுத்தோம்.

மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தோம். ஊறட்டும் என்று டீ குடித்தோம். மொட்டைமாடியில் துணி காயப்போடும் இரும்புப் பைப்பை, காய்ந்துகொண்டிருந்த துணிகளைத் தரையில் போட்டுவிட்டு, எடுத்துவந்து டி ஹேண்டிலில் மாட்டினோம். ஐந்தடி நீளம். நான் தொங்க வேண்டும். என் எடை அப்போது ஐம்பத்திரண்டு கிலோ. அதில் ஒரு இருபது கிலோவை மட்டும் கொடுத்தேன்.

"முடியலீங்கண்ணா. வெல்டு ஆன மாதிரி இருக்குதுங்க."

"அதான் பாத்தேன். பஹுத் டைட்," என்றார் அவர், துக்கமாக.

இரண்டு மணி ஆகிவிட்டது. அக்கா அதுவரை இறங்கவில்லை. தயிர்சோற்றைக்கூடப் பக்கத்து வீட்டுப் பெண் கொண்டுவந்து கொடுக்க, மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நாங்கள் டீ குடித்த நேரத்தில், பைப் தேடி மாடிக்குப் போன நேரத்தில், காலை எடுத்துக்கொள்ளலாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவில்லை என்று எழுதலாம். எனக்குத் தோன்றியது.

தண்ணீர் கொடுக்கப் போனேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், பெடலின் மேல் அக்காவின் கால் நடுங்கிக்கொண்டிருந்தது. மெட்டி போட்ட விரல் வீங்கிச் சிவந்திருந்தது. வாங்கிய தண்ணீரைக் குடிக்காமல் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, அவருகிட்ட சொல்லாத. நான் சரியா அமுக்கலியோ? என்னாலதான் கழல மாட்டேங்குதா?"

அடப் பாவி என்று இருந்தது. அவரை அல்ல, என்னை. வேறு எந்த வார்த்தைக்கும் நான் அசைந்திருக்க மாட்டேன். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

"இல்லீங்க அக்கா. நீங்க சரியாத்தான் அமுக்கறீங்க," என்று சொல்லிவிட்டு நேராக டூல் பெட்டிக்குப் போனேன். உளியையும் சுத்தியலையும் எடுத்தேன். ஏழுமலை அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் குனிந்து மடிப்பில் உளியை வைத்தேன். நாலு தட்டு. விளிம்பு நிமிர்ந்தது. அவர் பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு வந்து, பைப்பைத் தானே மாட்டி, ஒரே அழுத்து. 'கடக்' என்றது.

"கழண்டுச்சா?" என்று உள்ளேயிருந்து ஒரு கத்தல்.

"கழண்டுச்சு. காலை எடு, மல்லி," என்றார் அண்ணன். நான் அந்த வீட்டில் இருந்த நாலு வருடத்தில் அவர் அக்காவை 'மல்லி' என்று கூப்பிட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.

அக்காவால் இறங்க முடியவில்லை. கால் மரத்துப்போய், இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் இறக்கினோம். பிரஸ் கடைக்கு நாலரைக்கு ஓடினோம். மறுநாள் அக்கா டெஸ்ட்டில் பாஸ். ஒரு கம்பம்கூடச் சாயவில்லையாம்.

என் குழம்பு எங்கேயும் போகவில்லை. அக்கா ஓட்டினார், நான் பின்சீட்டில் உட்கார்ந்து போய்விட்டு வந்து சாப்பிட்டேன். ஏழுமலை அண்ணன் முன்சீட்டில் உட்கார்ந்து, அங்கே இல்லாத பிரேக்கை வழி முழுக்க அமுக்கிக்கொண்டே வந்தார். தங்கச்சியின் இரண்டாவது பிரசவத்துக்கு அக்கா தானே ஓட்டிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி வாசலில் எல்லோருக்கும் முன்னால் நின்றார்.

அந்த நட்டுக் கதையை அக்கா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "அவங்க ரெண்டு பேரும் கைவிட்டுட்டாங்க. நான் காலை எடுக்கவே இல்ல. அதான் கழண்டுச்சு." நாங்கள் இருவரும் அந்த நேரத்தில் வேறெங்காவது பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்த வீடு இப்போது இல்லை. அங்கே ஆறு மாடி நிற்கிறது. கார் எந்தக் காயலான் கடையில் தகடாகக் கிடக்கிறதோ! அக்கா போய் இரண்டு வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் சாப்பாடு முடிந்து கைகழுவுகிற இடத்தில் ஏழுமலை அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். ரொம்ப இளைத்திருந்தார்.

"அந்த நட்டு விசயம் அவகிட்ட சொன்னியா தம்பி?"

"இல்லீங்கண்ணா. நீங்க?"

"இல்லப்பா. ஒவ்வொரு தபா அவ அந்தக் கதைய சொல்றப்பவும் சொல்லிடலாம்னு பாப்பேன்." குழாயை மூடினார். "அவ்ளோ சந்தோசமா சொல்லுவா."

போசரி மெக்கானிக் பேரிங்கை மாற்றி, புது நட்டு போட்டு, விளிம்பை மடக்கி முடித்தபோது நான் மறுபடியும் டிரைவர் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியவில்லை. கால் பிரேக்கின் மேல் இருந்தது. எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்த்தேன். பத்து நிமிடத்துக்கெல்லாம் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அக்கா நாலரை மணி நேரம் அமுக்கியிருந்தார்.

மெக்கானிக் கண்ணாடியைத் தட்டினார்.

"சாப், கப் கா ஹோ கயா. பைர் ஹட்டாயியே."

எப்போதோ முடிந்துவிட்டதாம். காலை எடுக்கச் சொல்கிறார்.