குறை சொல்லப்படாத பெட்டி

மறுத்துப் பேசிப் பழகாதவர்கள் "நல்லா இருக்கு" என்றால் அதை எவ்வளவு நம்பலாம்? றம்ஸியாவின் வாழ்க்கை சில ஆண்டுகள் இந்தக் கேள்வியைச் சுற்றியே நகர்ந்ததாகத் தோன்றுகிறது.

பதுளையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். மின்னணுவியல் படித்தவர். வேளை வந்ததும் "மருந்து குடியுங்கள்" என்று பேசும் குளிசைப் பெட்டியொன்றை முதியவர்களுக்காக வடிவமைத்தார். கொழும்பில் ஒரு சிறிய தொழிற்சாலை செய்து தர இசைந்தது. அச்சு வெட்டிவிட்டால் பிறகு எதையும் மாற்ற முடியாது. அதனால் முதலில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில், ஓய்வுபெற்ற தொழிலாளர்களிடம் சில பெட்டிகளைக் கொடுத்துப் பார்த்தார்.

"தங்கமா இருக்குங்க மிஸ்" என்றார் மருதாயி. மற்றவர்களும் அப்படியே. மகிழ்ந்துபோன றம்ஸியா தேநீர் குடிக்க மருதாயியின் லயத்து வீட்டுக்குள் நுழைந்தார். பெட்டி சாமி படத்துக்குப் பக்கத்தில், பொலித்தீன் உறை கழற்றாமல், சந்தனப் பொட்டோடு வீற்றிருந்தது. போட்ட குளிசை போட்டபடி உள்ளே கிடந்தது. அடுத்த வீடுகளிலும் இதே மரியாதை. வெளியிலிருந்து வந்தவர் கையால் கொடுத்ததைக் குறை சொல்வது அங்கே வழக்கமில்லை.

அடுத்த முறை அதே பெட்டிக்கு நீலம் பூசிக்கொண்டு போனார். "இது கீழ் டிவிசன்காரங்க சொன்னபடி செஞ்சது" என்றார். பொய். மெச்சத்தக்கதல்ல. ஆனால் அந்த இரண்டு டிவிசனுக்கும் திருவிழா முதல் கிரிக்கெட் வரை போட்டி.

"அதானே பார்த்தேன்!" என்றார் பழைய கங்காணி வீரய்யா. "மூடியத் தொறக்கக் கடப்பாரை வேணும் போல."

"கொரலக் கேளுங்க, பொண்ணு பார்க்க வந்த எடத்துல பேசுற மாதிரி" என்றார் மருதாயி. "இதுக்கு யாரு எந்திரிப்பா?"

"நான் பேசியிருந்தா எந்திரிச்சிருப்பீங்க."

"நீங்க கத்தி எப்ப நாங்க எந்திரிச்சோம், கங்காணி?"

லயமே சிரித்தது. றம்ஸியாவுக்குச் சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மூடி மாறியது. வளைந்த விரலாலும் இழுத்துத் திறக்கலாம். குரலும் மாறியது. காலைப் பெரட்டில் ஆட்களை அதட்டி வேலைக்கு அனுப்பிய அதே தொனியில் வீரய்யாவே பேசிக் கொடுத்தார். "உங்க சொல்படி செஞ்சது" என்று சொல்லி மேல் டிவிசனில் மறுபடி கொடுத்தார் றம்ஸியா.

இந்த முறை பெட்டிகளில் வெற்றிலைக் கறை, சுண்ணாம்பு, அடுப்புக் கரி. ஒன்றுக்கு யாரோ கம்பளி நூலில் கைப்பிடி கட்டியிருந்தார்கள். உள்ளே குளிசை மிச்சமில்லை.

"அந்த மனுசன் வாய மூடவாவது முழுங்க வேண்டியிருக்கு" என்று மருதாயி திட்டினார். றம்ஸியா அன்றே தொழிற்சாலைக்குச் சம்மதம் சொன்னார்.

முதல் பெட்டிகள் ஏற்றிய வேன் வந்தபோது மேல் டிவிசன் மாலையோடு காத்திருந்தது. வேன் நிற்காமல் கீழ் டிவிசனுக்கு இறங்கியது.

மறுநாள் வீரய்யா வழிமறித்தார். "எங்க பெட்டி மிஸ் அது. மொதல்ல அவங்களுக்கா?"

"உங்களுக்கு நாளைக்கு வருது" என்றார் றம்ஸியா. கீழ் டிவிசன் பெயரை இரவல் வாங்கிய கடன் அது என்று அவரிடம் எப்படிச் சொல்வது?