இடது பக்கம் எரியல

போன வாரம் வேலப்பன்சாவடி சிக்னலில் நின்றிருந்தபோது, பைக்கில் வந்த ஒருவர் என் கார்க் கண்ணாடியைத் தட்டினார். இறக்கினேன். "அண்ணாத்தே, லெப்ட்டு பிரேக் லைட்டு எரியல, பாத்துக்கோ" என்றார். நான் நன்றி சொல்வதற்குள் பச்சை விழுந்துவிட்டது, போய்விட்டார். முன்பின் தெரியாத மனுஷன். அன்றைக்கு முழுக்க வேறு யாரும் என்னிடம் அவ்வளவு அக்கறையாகப் பேசவில்லை.

பல்புதானே, பத்து நிமிஷ வேலை என்று நினைத்து சர்வீஸ் சென்டருக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே விளக்கம் சொன்னாள். இந்த வண்டியில் பல்பு என்று தனியாக ஒன்று கிடையாதாம். விளக்கு மொத்தமும் ஒரே பீஸ், ஒட்டி மூடியிருப்பார்களாம். போனால் முழுசாகத்தான் மாற்ற வேண்டும், வர எட்டு நாள் ஆகும். கழற்றிப் பார்க்கலாமே என்றேன். கழற்ற அதில் என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தாள். வாதாட எனக்கும் தெம்பில்லை. இப்போதெல்லாம் பாதி விஷயத்துக்குச் சரி என்று தலையாட்டிவிட்டு வருவதே பழக்கமாகிவிட்டது.

வெளியே வந்து, மனசு கேட்காமல் டிக்கியைத் திறந்து பார்த்தேன். மழையில் நனைந்து காய்ந்த ரப்பர் பாயின் வாசனை அடித்தது. அப்பாவின் வெள்ளைக் காரிலும் இதே வாசனைதான், கூடக் கொஞ்சம் பெட்ரோல் கலந்திருக்கும்.

பூந்தமல்லியில் எங்கள் தெருவில் அது மூன்றாவது கார். மற்ற இரண்டும் உறை போட்டு நின்றபடியே இருந்ததால், ஓடுகிற கார் எங்களுடையது மட்டும்தான் என்று நான் பள்ளிக்கூடத்தில் அளந்துவிடுவேன். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கிய வருஷமே திருமழிசை தாண்டி ஒரு தண்ணீர் லாரி பின்னால் வந்து இடித்தது. எங்கள் பிரேக் லைட் எரியாததுதான் காரணம். பெரிய அடி யாருக்கும் இல்லை. ஆனால் அம்மாவின் கழுத்து அதற்கப்புறம் இடது பக்கம் திரும்பவே இல்லை. அந்தப் பக்கமிருந்து யாராவது கூப்பிட்டால் உடம்போடு சேர்த்துத் திரும்புவாள். அப்போதெல்லாம் அப்பா வேறு எங்கேயாவது பார்ப்பார்.

அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்புமுன் அப்பா உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதிப்பார். அம்மா பைபிளும் குடையுமாக வண்டிக்குப் பின்னால் நின்று, "இது எரியுது... இதுவும் எரியுது" என்று குரல் கொடுப்பாள். இரண்டில் ஒன்று எரியாவிட்டாலும் வண்டி கேட்டைத் தாண்டாது. கல்யாணமே ஆனாலும் பஸ்தான்.

பல்பு மாற்றுவதிலும் அப்பாவுக்கு ஒரு கிறுக்கு உண்டு. புது பல்பைப் போடுமுன், என் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து காம்பஸை எடுத்து, பல்பின் பித்தளைக் கழுத்தில் அன்றைய மாதத்தையும் வருஷத்தையும் கீறுவார். ஃபியூஸ் ஆனதைத் தூக்கிப் போடாமல் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்துவைப்பார். அது எத்தனை நாள் உழைத்தது என்று தெரிய வேண்டாமா என்பார். எனக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலைக்குப் போக ஆரம்பித்த காலத்தில் அப்பா ரிடையராகியிருந்தார். வேப்பம்பட்டில் அத்தை வீட்டுக்கு ஒருநாள் போனோம். ரயில்வே கேட் மூடியிருந்தது. அப்பா பாட்டுக்கு ஓட்டிக்கொண்டே போகிறார். அம்மா அலறினாள். கேட்டுக்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு சாண்தான் இடம் இருந்தது. "வெயிலு கண்ணுல அடிச்சிடுச்சு" என்றார் அப்பா. அன்றைக்கு வெயிலே இல்லை, வானம் மூடிக்கிடந்தது.

அவர் கண் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கும் அம்மாவுக்கும் அன்றுதான் புரிந்தது. அம்மா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டு, "நீ சொல்லுடா. நான் சொன்னா அவரு உடைஞ்சு போயிடுவாரு" என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை. ரிடையரான மனுஷனிடம் மிச்சமிருந்த உத்தியோகம் அந்த ஸ்டியரிங் ஒன்றுதான். எனக்கும் ஓட்டத் தெரியும், ஆனால் சாவியைத் தொடவிடமாட்டார். அவரிடம் போய் எப்படிச் சொல்வது? உண்மையைச் சொன்னால், எனக்குப் பயம்.

அதனால் ஒரு கோழை செய்கிற வேலையைச் செய்தேன். சனிக்கிழமை சாயங்காலம் இடது பக்க விளக்கின் மூடியைக் கழற்றி, நல்ல பல்பை எடுத்துவிட்டு, டப்பாவிலிருந்து செத்த பல்பு ஒன்றைப் போட்டேன். மறுநாள் அம்மா பின்னால் நின்று, "இடது பக்கம் எரியலைங்க" என்றாள். பஸ்ஸில் போனோம். பிரசங்கம் முழுக்க அந்த நல்ல பல்பு என் பேன்ட் பாக்கெட்டில் கிடந்து தொடையைக் குத்தியது. அந்த வாரமே அப்பா புது பல்பு வாங்கிப் போட்டார். சனிக்கிழமை நான் மறுபடி மாற்றினேன். அடுத்த வாரமும் அதே கதை. அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். "இடது பக்கம் எரியல" என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது.

மூன்றாவது தடவை அப்பா பல்பைக் கழற்றி எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, காட்டுப்பாக்கத்தில் எலக்ட்ரீசியன் முனுசாமியின் கடைக்குப் போனார். முனுசாமி அதை விளக்கில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், இது மூணு வருசத்துக்கு முன்ன போட்ட பல்பாச்சே. நீ கீறின தேதி கீது பாரு. போன வாரம் நான் குடுத்தது எங்க?"

நான் அந்தக் கீறலை மறந்தே போயிருந்தேன். அப்பா பல்பை வாங்கி மூக்கருகே கொண்டுபோய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கையால் கீறிய எழுத்து அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "நான்தான் மாத்திப் போட்டுட்டேன் போல" என்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. 

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "உங்கம்மா கழுத்த ஒரு தடவ கெடுத்தவன்டா நான். வண்டிய எடுக்காதீங்கன்னு வாயால சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டேனா?" கொஞ்சம் யோசித்தார். "கேட்டிருக்க மாட்டேன்தான். ஆனாலும் நீ சொல்லியிருக்கணும்."

சாவியை என் சட்டைப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனார். எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது.

அடுத்த ஞாயிறு நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். அம்மா முன்சீட்டுக்கு வந்துவிட்டாள். பின்னால் போய் நின்றது அப்பா. "எரியுது... எரியுது. போலாம்" என்று அதிகாரமாகச் சொல்லிவிட்டு வந்து ஏறினார். அப்புறம் நான் வேலைக்கு வண்டியை எடுத்தாலும், சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனாலும், வந்து நின்றுவிடுவார்.

சில வருஷம் கழித்து ஒருநாள். என் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்து, குனிந்து தேடிக்கொண்டிருந்தேன். பிரேக்கில் காலே வைக்கவில்லை. பின்னாலிருந்து அப்பா குரல்: "எரியுது."

நிமிர்ந்து மிர்ரரில் பார்த்தேன். வண்டி ஒரு பக்கம் இருக்க, அவர் முகம் கேட் பக்கம் திரும்பியிருந்தது. சொல்லியிருக்கணும் என்று எனக்குச் சொன்னவர் அவர்தான். ஆனால் அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை பயத்தினால் இல்லை. மறுநாளிலிருந்து, அவர் எழுந்து வருமுன் காம்பவுண்ட் சுவரை ஒட்டி வண்டியைப் பின்னால் எடுத்து, வெள்ளைச் சுவரில் சிவப்பு விழுகிறதா என்று நானே பார்த்துவிடுவேன். பிறகு வண்டியை முன்னால் நகர்த்தி, அவர் வந்து நின்று சொல்லும்வரை காத்திருப்பேன். அவர் படுக்கையில் விழும்வரை இப்படியே ஓடியது.

அப்பா போய், அம்மா போய், வெள்ளைக் காரும் போய்விட்டது. முனுசாமியின் கடை இருந்த இடத்தில் மெட்ரோ தூண் நிற்கிறது. பிஸ்கட் டப்பா வீடு மாற்றும்போது எந்த மூட்டையோடு போனதோ தெரியாது.

நேற்று புது விளக்கு வந்து மாட்டிவிட்டார்கள். கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, அதான் சரியாயிருக்குன்னு சொல்லிட்டாங்களே, காபி ஆறுது என்றாள். அவள் சொல்வதும் நியாயம்தான். எரிகிறதா என்று இனி யாரும் பின்னால் நின்று பார்க்க வேண்டியதில்லை. பார்க்காமலேயே "எரியுது" என்று சொல்லத்தான் ஆள் இல்லை.