கவிழ்த்து வைத்த துருப்பு

துபாய் ரோடுகளில் கார்கள் மிதந்த பெருமழை பெய்ததே, அதற்கு முந்தின மாதம்தான் அபுதாபி பக்கம் ருவைஸ் லேபர் கேம்பில் எங்கள் ரூமுக்கு நாகர்கோவில் வெல்டர்கள் இரண்டு பேர் வந்தார்கள். லீவ் நாள் மத்தியானம் நாங்கள் முந்நூற்றிநாலு என்கிற சீட்டாட்டம் ஆடுவோம். எதிர்ப்பக்கம் ஆடிய இருவரும் ஊருக்குப் போயிருந்ததால் இவர்களைச் சேர்த்துக்கொண்டோம். என் கூட்டாளி யாழ்ப்பாணத்து அண்ணன், பிளம்பர். பதினோரு வருஷமாக அவரும் நானும்தான் ஒரு பக்கம். நான் மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிறவன். அங்கே ஒரு சமையல்காரர் ரசத்துக்கும் தேங்காய் எண்ணெயில்தான் தாளிப்பார். அது கிடக்கட்டும்.

அண்ணன் ஊர் முறையில், கேள்வி கேட்டவர், அதாவது இத்தனை புள்ளி எடுப்பேன் என்று ஏலம் கூட்டியவர், துருப்பைக் கவிழ்த்து வைப்பார். யாராவது வெட்டும்வரை அது என்ன சீட்டென்று மற்றவர்களுக்குத் தெரியாது. புதியவர்கள் போனில் ஆடிப் பழகியவர்கள். எடுத்த எடுப்பிலேயே துருப்பைத் திறந்து வைத்தார்கள்.

“இதென்ன, கலியாணத்துக்கு முதலே பிள்ளை பெத்த மாதிரி?” என்றார் அண்ணன்.

“மறைச்சு மறைச்சு ஆடுனா நாளைக்கு டூட்டிக்கு நேரமாயிரும் பெரியவரே. யல்லா, போடும்,” என்றார் ஒரு வெல்டர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். “தம்பி, நீர் சொல்லும்.”

ரூமில் சண்டை வேண்டாமே என்று நினைத்தேன். “அவங்க சொல்றபடியே ஆடுவோம்ணே. சீட்டுத்தானே.”

அண்ணன் கையிலிருந்த சீட்டுகளை வைத்துவிட்டு எழுந்து போனார். பிறகு அவர் ஆடவே இல்லை. என்னோடு பேசினார், டீ போட்டால் எனக்கும் ஊற்றினார். அவர் இடத்தில் வேறொருவரை வைத்து நாங்கள் ஆட உட்கார்ந்தால் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

சில மாதத்தில், வயதாகிவிட்டதென்று அவர் விசாவைக் கேன்சல் செய்தார்கள். கிளம்புகிற அன்று காலையில் பெட்டியைக் கட்டிவிட்டுக் கேட்டார்: “ஒருக்கா விளையாடுவமே? எங்கட முறையில. ரெண்டு பேரெண்டாலும் பரவாயில்லை.”

“மெஸ்ஸுல வேலை கெடக்குண்ணே. போன்ல பேசிக்கிருவோம்.”

“ஓம், ஓம். நீர் போம்.”

என்னிடம் இருந்தது அவருடைய இங்கத்து நம்பர். விசாவோடு சிம்மும் போய்விடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வாரம் அழைத்தேன், ஒரு பெண் குரல் அரபியில் ஏதோ சொன்னது. வெகுநாள் கழித்து மறுபடி அழைத்தபோது வேறு யாரோ எடுத்து, “கோன் பாய்?” என்று இந்தியில் நான் யாரென்று கேட்டார்.

எனக்கு எழுத வராது, நான் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுகிறார். அண்ணன் ஊரான பருத்தித்துறைப் பக்கம் போகிறவர்கள், இடது சுண்டுவிரல் பாதி இல்லாத, ருவைஸில் பிளம்பராக இருந்த பெரியவரைப் பார்த்தால் சொல்லுங்கள்: அன்றைக்கு நான் அவர் பக்கம் பேசியிருக்க வேண்டும்.