சவுக்காரம் வைத்து அடைத்த துளை

பெற்றோலுக்குக் கூப்பன் வந்த யுத்த காலம். நான் ஓட்டிய பழைய லொறியின் பெற்றோல் தாங்கி, ஆசனத்துக்குக் கீழே இருந்தது. அதன் மூடியில் ஆவி போக ஒரு சிறு துளை. கூப்பனுக்குக் கிடைக்கிற கொஞ்சமும் மணமாகப் பறக்கிறதே என்று எனக்கு வயிற்றெரிச்சல். ஒருநாள் காலை உடுப்புத் தோய்க்கிற சவுக்காரத்தைப் பிசைந்து துளையை அடைத்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பு.

அன்றைக்கே, ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியை மண்டூரில் தாய்வீட்டில் விடுவதற்கு லொறியில் ஏற்றிக்கொண்டேன். பின்னால் முதலாளியின் வெறுஞ்சாக்குகள். வாவியைக் கடக்க வண்டிகளை ஏற்றும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்று பெயர். பாதையில் ஏறியதும் லொறி நின்றுவிட்டது. தாங்கிக்குள் காற்றுப் புக வழியில்லை, பெற்றோல் இறங்கவில்லை.

நடு வாவியில் உச்சி வெயில். தாங்கி கொதித்தது, உள்ளே ஆவி அடைபட்டுக் கிடந்தது. கரையில் ஆட்களெல்லாம் இறங்கிய பிறகு, காற்றோட்டமான இடத்தில்தான் திறக்கவேண்டும். எனக்குத் தெரியாததல்ல. கரை சேர்ந்ததும் லொறி கிளம்பாவிட்டால் மானம் போகுமே என்ற அவசரம். மனைவியை இறக்கிவிட்டு மூடியைத் திருகினேன்.

புஸ்ஸென்று சீறியது. பயந்து திரும்ப இறுக்கினேன். அதற்குள் ஆவி பாதையின் பலகைத்தளத்தில் பரவிவிட்டது. காற்று அசையவில்லை.

கோயிலுக்குப் போகிற ஒரு அம்மா, பாதையின் மறுமுனையில் வெற்றிலையில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நின்றுபோன லொறியைக் கண்டு இரங்கிவிட்டார்.

“பாவம், இந்த வண்டிக்கும் ஒருக்காக் காட்டுவம்” என்று எரியும் கற்பூரத்தோடு எங்களை நோக்கி நடந்தார்.

நான் மூடியைப் பிடித்தபடியே நின்றேன். ஆறேழு அடிதான் இருக்கும். என் மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு குறுக்கே போய், உள்ளங்கையால் அந்த நெருப்பை அப்படியே பொத்தி அணைத்தாள்.

“என்னகா புள்ள இது! சாமிட நெருப்பக் கையால அமத்துறியே, வயித்துப் புள்ளயோட!” அந்த அம்மா பதறினார். பாதையில் நின்றவர்கள் எல்லோரும் அவளை ஏசினார்கள்.

வெந்த கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அவள் என்னைப் பார்த்தாள். பிழை என்னுடையது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“மன்னிச்சிருங்கம்மா” என்றேன். “பிள்ளத்தாச்சி, தெரியாமச் செஞ்சிட்டாள்.”